ராஜஸ்தானுக்காக என் மகள் செய்த ஜெபம்

"அம்மா, நாம ராஜஸ்தானைப் பத்தி ஏசப்பாகிட்ட கம்ப்ளெயிண்ட் பண்ணினோமா?"

என் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். போன சுதந்திர தினத்தன்று காலை, குளியலறையில் நின்றுகொண்டு இதைக் கேட்டாள். அவள் உள்ளங்கையில் அப்பியிருந்த காவிநிறக் கோலப்பொடியை நான் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "பேசாம கையக் காட்டு" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு எவ்வளவோ யோசித்துவிட்டேன். ஆமாம் என்பதா இல்லை என்பதா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

போத்தனூரில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். என் கணவர் பம்ப்செட் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை செய்கிறார். நான் எம்.காம். முடித்து, ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்து, குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். எங்கள் குடியிருப்பில் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அங்கே யாரும் எங்களிடம் முகம் சுளித்ததில்லை. எங்கள் கிறிஸ்துமஸ் கேக் எல்லா வீட்டுக்கும் போகும். தீபாவளிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் முறுக்குத் தட்டு வைக்க இடம் இருக்காது.

ஆனாலும் எனக்குள் ஒரு பயம் உண்டு. நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் வளர்ந்தவள். பள்ளியில் சுதந்திரப் போராட்டப் பாடம் வரும்போதெல்லாம் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "வெள்ளைக்காரன் போறப்பக் கப்பல்ல உங்களுக்கு எடமில்லைன்னுட்டானாக்கும்?" என்பாள். வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவள் என் நல்ல தோழிதான். மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். அந்தக் கேலி அவளுக்கு அன்றைக்கே மறந்திருக்கும். எனக்குள் மட்டும் தங்கிவிட்டது. அவள் மேல் பழி போடுகிறேனோ என்றும் இதை எழுதும்போது தோன்றுகிறது. நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸை மூடினேனா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். அந்தப் பேச்சு இல்லாவிட்டாலும் வேறு எதையாவது பிடித்துக்கொண்டு பயந்திருப்பேன்.

அதனால் சுதந்திர தினம் வந்தால் எனக்கு மற்றவர்களைவிட வேலை அதிகம். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதல் வாழ்த்து என்னுடையதாக இருக்க வேண்டும். மற்ற பால்கனிகளில் கையகலக் கொடி இருந்தால் எங்கள் பால்கனியில் போர்வை அகலத்துக்கு இருக்கும். கடையில் அதைவிடப் பெரியது ஒன்றை நான் விரித்துப் பார்த்தபோது என் கணவர், "மருதமலைக்குத் தெரிஞ்சாப் போதுமா, டெல்லி வரைக்கும் தெரியணுமா?" என்றார். நான் சிரிக்கவில்லை. நாட்டின் மேல் எனக்கு அன்பு உண்டு. வீட்டில் தனியாக இருக்கும்போது டிவியில் தேசிய கீதம் வந்தாலும் எழுந்து நிற்பேன். அது நடிப்பு இல்லை. ஆனால் அந்தக் கொடியின் அகலத்தில் அன்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இனி எதிர் வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெலுங்கு பேசும் குடும்பம். கிணத்துக்கடவுப் பக்கம் அவர்களுக்குத் தோப்பு இருக்கிறது. அக்காவின் கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகன் ராணுவத்தில் சேர்ந்து ராஜஸ்தானில் இருக்கிறான். எனக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தபோது என் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அக்காதான் அரிசிம்பருப்புச் சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து எனக்கு ஊட்டினார். என் மகளை முதலில் குளிப்பாட்டியதும் அவர்தான். என் மகளுக்கு அவர் பெரியம்மா.

அக்கா வீட்டில் காலையில் பூஜை மணி கேட்டால், "பெரிம்மா சாமி கும்பிடறாங்க, இப்பப் போகக் கூடாது" என்று என் மகள் தானாகவே எங்கள் வாசலில் நின்றுகொள்வாள். பூஜை முடிந்து கதவு திறந்ததும் ஓடுவாள். அக்கா அவளுக்குப் பிரசாதம் தர மாட்டார். அவளுக்கென்று தனியாக ஒரு வாழைப்பழம் எடுத்து வைத்திருப்பார். இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசி முடிவு செய்ததில்லை. அவராகவே புரிந்துகொண்டு செய்தார். நான் அதற்காக நன்றி சொன்னதும் இல்லை.

மாலையில் அக்காவின் மகன் வீடியோ காலில் வந்தால் என் மகளும் போனுக்குள் தலையை நீட்டுவாள். "இங்க சப்பாத்தியை வெயில்ல வெச்சா அப்பளமாயிரும் பாப்பா" என்பான் அவன். "ஷூவுக்குள்ள காலு வெந்து கெழங்காயிருது." அவன் வேடிக்கைக்குச் சொல்வதை இவள் அப்படியே நம்பிவிடுவாள். இரவுச் சாப்பாட்டின்போது, "அண்ணன் காலு கெழங்காயிருச்சாம்மா" என்று கவலைப்படுவாள்.

எங்கள் சபையில் சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரங்களில் தேசத்துக்காக ஜெபிப்பது வழக்கம். சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கும் அது உண்டு. ஹாலின் தரையில் துணியில் வரைந்த பெரிய இந்திய வரைபடத்தை விரிப்பார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றி உட்காருவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாநிலம். தன் முறை வந்ததும் பிள்ளை முழங்காலில் நின்று, தன் மாநிலத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி ஜெபிக்க வேண்டும். சிக்கிம் கிடைத்த பையனின் கை பக்கத்து மாநிலத்தையும் சேர்த்து மூடிவிடும். "ஏ, எம்மேல கைய வெக்காத" என்று மேற்கு வங்காளம் சண்டைக்கு வரும். என் மகள் ராஜஸ்தானைக் கேட்டு வாங்கினாள். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, "அங்க எங்க அண்ணன் இருக்காங்க" என்றாளாம்.

வீட்டுக்கு வந்து குடும்ப ஜெபத்தில் அவள் ராஜஸ்தானுக்காக ஜெபித்தாள். "ஏசப்பா, ராஜஸ்தான்ல ரொம்ப வெயிலாம். மழை குடுங்க. ஒட்டகத்துக்கும் தண்ணி குடுங்க. அண்ணன் காலு சுடாமப் பாத்துக்கங்க. ஆமென்."

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி வாரத்தில் பெற்றோர் முன்னிலையில் பிள்ளைகள் ஜெபிப்பார்கள். மற்ற பிள்ளைகள் கோர்வையாக ஜெபிப்பார்கள். இவள் ஒட்டகத்தைப் பற்றிப் பேசினால் வீட்டில் ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை என்று நினைக்க மாட்டார்களா? தலை பின்னும்போதும் ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும்போதும் நான் அவளுக்குச் சரியான ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தேன். "கர்த்தாவே, ராஜஸ்தான் ஜனங்கள் இருளில் இருக்கிறார்கள். அவர்கள் விக்கிரகங்களை வணங்குகிறார்கள். அவர்கள் பாவங்களை மன்னித்து, அவர்களுக்கு வெளிச்சத்தைத் தாரும்."

"மழை வேண்டாமா?" என்று கேட்டாள்.

"அது கடைசியில சொல்லிக்கலாம்."

"அண்ணனும் இருட்டுலயா இருக்காங்க?"

எனக்கு வேன் வந்துவிடுமே என்ற அவசரம். "அண்ணனுக்காகவும் ஜெபம் பண்ணு" என்று சொல்லிவிட்டு ரிப்பனைக் கட்டினேன்.

அந்த வார்த்தைகளை நான் புதிதாக உண்டாக்கவில்லை. சிறுமியாக இருந்தபோதிலிருந்து பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அம்மாவின் மடியில் படுத்துக் கேட்டவை அவை. வாய்ப்பாடு போல எனக்குள் இருந்தன. அந்தப் பெண்களைப் பற்றித் தவறாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர்கள் உபவாசம் இருந்து தேசத்துக்காக ஜெபிப்பவர்கள். மழைக்காக, ஆட்சியில் இருப்பவர்களுக்காக, எல்லையில் நிற்பவர்களுக்காக அழுது ஜெபிப்பவர்கள். என் அம்மா இந்தியா என்று சொல்லி அழும்போது அது உண்மையான அழுகை. எனக்குத் தெரியும். ஆனால் நான் இந்த வார்த்தைகளைச் சொல்லும்போது என் கண்முன் ஒரு முகம்கூட வந்ததில்லை. இருளில் இருக்கும் ஜனங்கள் எங்கோ தூரத்தில் இருப்பவர்கள். எதிர் வீட்டில் மணி அடித்துப் பூஜை செய்கிறவரும் அந்தக் கணக்கில் வருவார் என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்காமல் இருப்பது வசதியாகவும் இருந்தது.

சுதந்திர தினத்துக்கு முன்பு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "அம்மணி, உங்க பாப்பா கணீர்னு பேசுவாளே. கொடியேத்தினதுக்கப்புறம் நாட்டைப் பத்தி நாலு வார்த்தை பேசட்டுங்களே" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இத்தனை பிள்ளைகள் இருக்கும் இடத்தில் எங்கள் பிள்ளையைக் கேட்கிறார்கள். அவர் படி இறங்குவதற்குள் நான் மனதுக்குள் முதல் வரியை எழுதிவிட்டேன். நதிகள், தியாகிகள், வேற்றுமையில் ஒற்றுமை என்று எல்லாவற்றையும் அவளுக்கு உருப்போட வைத்தேன்.

அன்றைக்குக் காலையில் கொடிக்கம்பத்துக்கு முன்னால் அக்காவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து தரையில் இந்தியா வரைபடத்தைக் கோலமாகப் போட்டிருந்தார்கள். மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. ஓரம் முழுக்கச் சாமந்திப் பூ. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "காஷ்மீர் கொஞ்சம் கோணலாப் போச்சு அம்மணி, கண்டுக்காத" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கொடி ஏறியது. தேசிய கீதம் பாடினோம். என் மகள் வெள்ளை கவுனில் போய் நின்றாள். செயலாளர் மைக்கை அவள் வாயருகே பிடித்தார். "அனைவருக்கும் வணக்கம். என் தாய்நாடு இந்தியா" என்றாள். அதற்குமேல் வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் உதட்டை அசைத்து 'நதிகள்' என்றேன். அவளுக்குப் புரியவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். அங்கே இந்தியா இருந்தது. தரையில் இந்தியா இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

முழங்காலிட்டாள். பூவை ஒதுக்கி, வலது உள்ளங்கையை ராஜஸ்தானின் மேல் வைத்தாள்.

"பாருங்க, பூமியைத் தொட்டுக் கும்புடறா" என்று யாரோ சொன்னார்கள். கைதட்டினார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். செயலாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவரும் குனிந்து மைக்கைத் தாழ்த்திப் பிடித்தார். அந்தக் கூட்டத்தில் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். சற்றுப் பின்னால் நின்ற என் கணவருக்கு அவள் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நான் ஓடிப்போய் அவளைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளைக்காக, என் நாட்டுப்பற்றுக்காகத் தட்டுவது போல எனக்கு இருந்தது. அது இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று ஆசைப்பட்டேன். இதைவிட வெட்கமான ஒன்றை நான் இதுவரை எழுதியதில்லை.

என் மகள் கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். இருள், விக்கிரகங்கள், பாவங்கள். நதிகளை மறந்தவள் இதை மறக்கவில்லை. முடிந்ததும் தன் பேச்சில் அவளாகவே சேர்த்துக்கொண்டாள். "ஏசப்பா, எங்க அண்ணனும் ராஜஸ்தான்ல இருட்டுல இருக்காங்க. அண்ணன் பாவத்தையும் மன்னிச்சிருங்க. மழை குடுங்க. ஆமென்."

மைக் நல்ல மைக். கேட் வரைக்கும் கேட்டது.

பின்னால் நின்ற கல்லூரிப் பையன்களில் ஒருவன், "மிலிட்டரிக்காரனுக்கே பாவமன்னிப்பாடா?" என்றான். இன்னொருவன் அவனை இடித்தான். அக்காவின் கணவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் நிமிர்ந்து, "சரிங்க, பாப்பா நல்லாச் சொல்லுச்சுங்க. அடுத்தாப்ல யாருங்க?" என்றார்.

மிட்டாய் கொடுக்கும்போது அக்கா எங்களிடம் வந்தார். என் மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் கவுனில் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிவிட்டு, "ஏஞ்சாமி, இதைய யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார். என் மகள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அவளுக்கு முன்னால் நான் பேசிவிட்டேன். "சண்டே ஸ்கூல்ல என்னத்தையோ சொல்லிக்குடுத்துப்போட்டாங்க போலிருக்குங்கக்கா. எனக்கே இப்பத்தான் தெரியுதுங்க. ஞாயித்துக்கெழமை நான் போய்க் கேக்கறேன்."

என் மகள் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"விடு அம்மணி. கொழந்தைக்கு என்ன தெரியும்" என்று அக்கா எழுந்தார். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது தாங்கிப் பிடிக்கக்கூட நான் கை நீட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் குளியலறை. கம்ப்ளெயிண்ட் என்ற அந்தக் கேள்வி. வகுப்பில் ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னால் அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. "நீதானேம்மா சொல்லிக்குடுத்தே" என்று அவள் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவள் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

என் கணவர் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. காபி குடித்துக்கொண்டே, "பாவம் அந்த டீச்சர். காலேஜ் படிக்கற புள்ள. அது பாட்டுக்கு ஒட்டகத்துக்குக் கலர் அடிக்கச் சொல்லிட்டு இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். உண்மைதான். அந்த டீச்சர் பிள்ளைகளை அவரவர் பேச்சில்தான் ஜெபிக்க விட்டிருந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். காலப்போக்கில் மறந்திருப்பேன். அல்லது மறந்ததாக நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காய்கறிப் பையோடு படியேறி வந்துகொண்டிருந்தேன். மேலே திருப்பத்தில் அக்காவும் கீழ்வீட்டுப் பெண்மணியும் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"அந்தப் பொண்ணு அப்பிடியாப்பட்டவ இல்லீங்க" என்றார் அக்கா. "சர்ச்சுல சொல்லிக்குடுத்துப்போடறாங்க. இவளுக்கே தெரியாதாமா. அன்னிக்கு மொகம் செத்துப்போச்சு பாவம். வருசா வருசம் எத்தாச்சோடு பெரிய கொடி கட்டறா, பாத்தீங்கல்ல?"

"அப்ப அந்தச் சர்ச்சுக்கு எதுக்குங்க புள்ளையத் தாட்டி உடறா?"

"நல்லதும் நாலு சொல்லிக்குடுப்பாங்கல்லங்க. எம் பையனையவே பாப்பா சொல்லிப்போட்டா. நானே ஒண்ணும் சொல்லலையே, உங்களுக்கென்னங்க?"

நான் சத்தமில்லாமல் கீழே இறங்கினேன். பைக் நிறுத்தும் இடத்தில் கத்தரிக்காயும் கையுமாக நின்றேன். நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு அவர் எனக்காக வாதாடுகிறார். தன் மகனைப் பற்றிச் சொன்னதை விழுங்கிவிட்டு எனக்காகச் சண்டை போடுகிறார். அதே பொய்யால், எங்கள் சபை இந்தக் குடியிருப்பில் பிள்ளைகளைக் கெடுக்கும் இடமாகிவிட்டது. நான் பிறந்ததிலிருந்து என்னைத் தாங்கிய இடம் அது. பெரிய வெள்ளிக்கு முந்தைய நாட்களில் வருடாவருடம், பிடிபட்ட ஏசுவைத் தெரியவே தெரியாது என்று அவருடைய சீடரே சொன்ன மறுதலிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான். கேட்கும்போதெல்லாம், நானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று நினைத்திருக்கிறேன். என்னை அன்று யாரும் மிரட்டவில்லை. முழங்கால் வலிக்கிற ஒரு பெண்மணி மெதுவாகக் கேட்டார். அதற்கே நான் சபையை விட்டுக்கொடுத்தேன்.

நான் எதற்காக வெட்கப்படுகிறேன் என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். அந்த ஜெபத்துக்காகவா, அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொன்னதற்காகவா? வெளிச்சம் என்று நான் நம்புவது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது தவறா? தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் விசுவாசத்தை இந்த வெட்கத்துக்காக நான் விட முடியாது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து, "அக்கா, நீங்க இருட்டுல இருக்கீங்க" என்று என்னால் சொல்ல முடியுமா? முடியாது. வாயே வராது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை முதுகுக்குப் பின்னால் கடவுளிடம் சொல்லலாமா? இன்னொன்றும் தோன்றுகிறது. தெருவில் நின்றுகொண்டு அடுத்தவர் வீடு எரிகிறதே என்று பரிதாபப்படுவது போலவே நான் இத்தனை காலமும் இந்தியாவுக்காக ஜெபித்திருக்கிறேன். அந்த வீட்டில்தான் என் கட்டிலும் இருக்கிறது. அப்படி ஜெபித்துவிட்டு, எழுந்துபோய்ப் பால்கனியில் போர்வை அகலத்துக்குக் கொடி கட்டியிருக்கிறேன்.

என் மகள் இப்போது குடும்ப ஜெபத்தில் வாய்விட்டு ஜெபிப்பதில்லை. "நான் மனசுக்குள்ள பண்ணிக்கறேன்" என்கிறாள். உண்மையில் செய்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் தகுதி இல்லை. அக்கா வீட்டுக்குப் போகிறாள். ஆனால் போன் அடித்தால் எழுந்து வந்துவிடுகிறாள். "அண்ணன்கிட்டப் பேசலையா?" என்றால், "அண்ணன் வீடியோ பாத்திருப்பாங்க" என்கிறாள். அவனுக்கு யாராவது அனுப்பினார்களா இல்லையா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது குடியரசு தினம் வரப்போகிறது. அக்காவின் மகன் லீவில் வருகிறான். அவன்தான் கொடியேற்றப் போகிறான். பிள்ளைகளில் யார் பேசுவது என்று செயலாளர் தயங்கியபோது அக்காதான் பிடிவாதமாக, "எங்க பாப்பாதான் பேசோணும்" என்று சொல்லியிருக்கிறார். என்னிடமும் வந்தார். "இந்த வாட்டி நாஞ் சொல்லிக்குடுக்கறேன். நீ குறுக்க வராத அம்மணி. அன்னிக்கு நடந்ததை எல்லாரும் மறந்துபோட்டு, புள்ள பேசினதை மட்டும் நெனைக்கோணும்."

அக்கா போன பிறகு என் மகள் சமையலறைக்கு வந்தாள். பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணன் வந்தா நான் மொதல்ல ஸாரி சொல்லிட்டுத்தான் பேசணுமாம்மா? மைக்லயா, வீட்லயா?"

நீ ஏன் ஸாரி சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. அதைச் சொன்னால் யார் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம் தங்கம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அம்மாவிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளையின் தலையாட்டல் அது.

பாஸ்டரிடம் கேட்கலாமே என்று சிலர் நினைப்பீர்கள். அவரிடம் கேட்க வேண்டுமானால், சண்டே ஸ்கூல் மேல் பழி போட்டதிலிருந்து தொடங்க வேண்டும். என் கணவரோ, "சொல்லணும்னு உனக்கே தெரியும், அப்புறம் எங்கிட்ட எதுக்குக் கேக்கறே" என்கிறார். தெரியும்தான். எப்படி என்பதுதான் தெரியவில்லை. நான் உண்மையைச் சொன்னால், எனக்காக ஊரெல்லாம் சொல்லிவைத்த அக்கா அவர்கள் முன்னால் தலை குனிய வேண்டி வரும். கிறிஸ்தவர்கள் என்றால் இப்படித்தான் என்று ஏற்கெனவே நினைத்தவர்களுக்கு அது சாட்சியாகும். சொல்லாவிட்டால், நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளுக்காக ஒரு ராணுவ வீரனிடம் என் ஏழு வயது மகள் மன்னிப்புக் கேட்பாள்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போன்ற தாய்மார்கள் இருப்பீர்கள். எங்கள் விசுவாசத்தில் இருப்பவர்களும் இல்லாதவர்களும் இருப்பீர்கள். அக்காவின் இடத்தில் இருந்து யோசிக்கக் கூடியவர்களும் இருப்பீர்கள். அவர்களைத்தான் அதிகமாகக் கேட்கிறேன். அக்காவிடம் நான் தனியாகப் போய்ச் சொல்வதா, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு போய் அவள் காதுபடச் சொல்வதா? அவருடைய மகன் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவதா, அவனும் இருக்கும்போது சொல்வதா? உங்களைப் பற்றி, உங்கள் பிள்ளையைப் பற்றி ஒருத்தி அப்படி ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நான் இல்லை என்றும் சொல்லியிருந்தால், பிறகு அவள் உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது எந்த வார்த்தையில் ஆரம்பித்தால் நீங்கள் கதவைத் திறந்தே வைத்திருப்பீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். கடுமையாக எழுதினாலும் பரவாயில்லை. குடியரசு தினத்துக்கு முன்பு எழுதினால் நல்லது.